குழலுக்குள் சிக்கிய சிந்தி

சிந்தி என்றதும் மொழி என்று நினைத்துவிட வேண்டாம். துப்பாக்கிக் குழலைத் துடைக்கிற துணித் துண்டுக்கு என்.சி.சி.யில் அதுதான் பெயர். நான்கு அங்குல நீளம், இரண்டு அங்குல அகலம். எண்ணெய் தோய்த்து விடுவதற்கு மட்டும் அகலம் ஒன்றரை அங்குலம். அந்த அரை அங்குலத்துக்கு என்ன அவ்வளவு மரியாதை என்று 19 வயதில் எனக்குப் புரியவில்லை. புரிய வைத்தது 1987 டிசம்பரில் நடந்த பத்து நாள் முகாம்.

எங்களுக்குக் கொடுத்தது பழைய பாயின்ட் 303 ரைஃபிள். அதன் பட்டுக்குள், அதாவது தோளில் அணைக்கிற பின்பகுதிக்குள், ஒரு சிறு அறை உண்டு. பித்தளை மூடியைத் திறந்தால் எண்ணெய்ப் புட்டியும் புல்த்ரூவும் இருக்கும். புல்த்ரூ என்பது ஒரு முனையில் பித்தளை எடை கட்டிய கயிறு. குழலின் பின்பக்கத்தை மூடுகிற போல்ட்டைக் கழற்றிவிட்டு, தோட்டா உட்காரும் இடமான சேம்பர் பக்கம் எடையை விட்டால் அது குழல் வழியே இறங்கி வாய்ப்பக்கம் எட்டிப் பார்க்கும். மறுமுனைப் பக்கமுள்ள வளையத்தில் சிந்தியைச் செருகி, ஒரே மூச்சில் நேராக இழுக்க வேண்டும். சாய்த்து இழுத்தால் கயிறு குழல் வாயின் விளிம்பை அறுத்துவிடும். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகிற இடம் அது. அங்கே ஒரு பக்கம் தேய்ந்தால் பிறகு எவ்வளவு குறிபார்த்தும் பயனில்லை.

அந்தக் காலத்து 303 தோட்டாவின் பிரைமரில், அதாவது அடியில் தீப்பொறி கிளப்பும் மருந்தில், பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்த பிறகு அது குழலில் ஒருவகை உப்பாகப் படியும். ஐப்பசி மழையில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்தவர்களுக்கு மேலே விளக்க வேண்டாம்: காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு எஃகைத் தின்னத் தொடங்கும். உப்பை எண்ணெய் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். ஆகவே புனல் வைத்துக் கொதிநீர் ஊற்றி, ஈரம் போகத் துடைத்து, அதன்பின் எண்ணெய். மறுநாளும் அதற்கு மறுநாளும் மீண்டும் துடைக்க வேண்டும்.

துடைத்துக்கொண்டே இருந்தேன். சிந்தி கறுப்பாகவே வந்துகொண்டிருந்தது. மாலைத் தேநீருக்கு விசில் ஊதிவிட்டார்கள். ஒரு சிந்திக்குப் பதில் இரண்டை மடித்து வைத்தால் ஒரே இழுப்பில் வேலை முடியுமே என்று தோன்றியது. பாதி வழியில் நின்றுவிட்டது. நண்பன் பட்டைப் பிடித்துக்கொள்ள, நான் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு தேர் வடம் போல இழுத்தேன். கயிறு அறுந்து நான் மண்ணில் உட்கார்ந்தேன். கையில் எடை, துணி குழலுக்குள்.

நண்பன் மெதுவாகச் சொன்னான்: "ஒரு ரவுண்டு போட்டுச் சுட்டால் தானாக வெளியே வந்துவிடும்."

எங்களுக்குப் பின்னால் நின்றிருந்த ஹவில்தார் அதைக் கேட்டுவிட்டார். வேலூர்ப் பக்கத்துக்காரர், குரலை உயர்த்தாத மனிதர். அன்று உயர்த்தினார். "தம்பி, எலியை விழுங்கிய பாம்பைப் பார்த்திருக்கிறாயா? குழல் அப்படித்தான் புடைக்கும். புடைத்தால் உன் அதிர்ஷ்டம். வெடித்தால் அதைப் பிடித்திருக்கிற இடது கை உனக்கு இல்லை." குண்டில்லாத வெற்றுத் தோட்டாவுக்கும் அதே விதிதான் என்றார். வழியடைத்த குழலில் வாயுவுக்குப் போக்கிடம் கிடையாது.

தேநீர் கிடைக்கவில்லை. துப்பாக்கி மட்டும் அதைப் பழுதுபார்க்கிற ஆர்மரரிடம் போனது. நாங்கள் செய்ததைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்தப் பக்கத்திலிருந்து இழுத்தாய்?" என்பதுதான். புல்த்ரூவில் மூன்று வளையங்கள் உண்டு. முதலாவது துருவைச் சுரண்டுகிற கம்பி வலைக்கு, நடுவிலுள்ளது சிந்திக்கு, கடைசி வளையம் இப்படிச் சிக்கினால் ஆர்மரர் பின்பக்கமாகக் கொக்கி போட்டு இழுப்பதற்கு. எங்கள் கயிற்றின் கடைசி வளையம் ஏற்கெனவே இற்றுப்போயிருந்தது. எனவே துப்பாக்கியை நிமிர்த்தி நிறுத்தி, வாய் வழியே எண்ணெய் ஊற்றி இரவு முழுக்க ஊற விட்டார். காலையில் குழலுக்குள் ஏறக்குறைய அடைத்துக்கொண்டு போகிற பித்தளைக் கம்பி ஒன்றை வாய்ப்பக்கமிருந்து விட்டு, மரச் சுத்தியால் தட்டினார். பலமாக அல்ல, கதவு தட்டுவது போல. கம்பி மெல்லியதாக இருந்தால் துணியைக் குத்திக்கொண்டு பக்கவாட்டில் ஆப்பாக இறங்கிவிடுமாம். பத்துத் தட்டு இருக்கும், கருப்பட்டித் துண்டு போல ஒன்று சேம்பர் பக்கம் வந்து விழுந்தது. முன்னே இழுக்க இழுக்க இறுகிய துணி, வந்த வழியே தள்ளியதும் விட்டுக்கொடுத்தது.

இதெல்லாம் இப்போது நினைவுக்கு வரக் காரணம், போன மாதம் எங்கள் ஊர்த் துப்பாக்கி சுடும் சங்கத்தில் ஓர் இளைஞன் செய்த காரியம். பாயின்ட் 22 ரைஃபிள், குழலின் உள்விட்டம் 5.6 மில்லிமீட்டர்தான். மூன்று துண்டுகளைத் திருகிச் சேர்க்கிற மலிவான அலுமினியக் கம்பி, முனையில் வெண்கலப் பிரஷ். பாதியில் நிறுத்திப் பின்னுக்கு இழுத்திருக்கிறான். பிரஷ்ஷின் கம்பி மயிர்கள் ஒரு பக்கம் சாய்ந்துதான் நகரும்; குழலுக்குள்ளேயே திசை மாற்றினால் மீன் முள் தொண்டையில் நிற்பது போல நின்றுவிடும். அவன் திருகி இழுத்ததில் மரை கழன்று பிரஷ் உள்ளே தங்கிவிட்டது.

முதலில் போல்ட் கழன்றிருக்கிறதா, சேம்பர் காலியா என்று நானே விரல் விட்டுப் பார்த்தேன். அவன் பார்த்தேன் என்றான், இருந்தாலும் பார்த்தேன். மேஜையில் கிடந்த தோட்டாப் பெட்டியை வேறு அறைக்கு அனுப்பினேன். துடைக்கிற மேஜையில் தோட்டா இருப்பதை நான் மன்னிப்பதே இல்லை. இரு பக்கமும் சில சொட்டு ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தோம். அம்மோனியா கலந்த கரைசலை விடலாமா என்றான். அது வெண்கலத்தையே அரிக்கும், மூடிய அறையில் மூச்சையும் அடைக்கும், வேண்டாம் என்றேன்.

துணியானால் வந்த வழியே அனுப்பலாம். பிரஷ்ஷை அப்படிச் செய்யக் கூடாது. அது போய்க்கொண்டிருந்த திசையிலேயே தள்ள வேண்டும். சேம்பர் பக்கம் பிளாஸ்டிக் வழிகாட்டிக் குழாயைப் பொருத்தி, மூட்டில்லாத, மேற்பூச்சுள்ள ஒற்றைக் கம்பியை விட்டு, உள்ளங்கையால் தட்டினேன். அசையவில்லை. இன்னும் அரை மணி நேரம் காத்திருந்தோம். அதற்கும் நகராவிட்டால் உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோவதாக இருந்தோம். துளைபோடும் கருவியுடன் ஒருவர் உதவிக்கு வந்தார், அவரைக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினேன். மூன்றாவது முயற்சியில் ஒரு நெறிப்புச் சத்தம், பிறகு வழுக்கல், வாய்ப்பக்கம் பிரஷ் தலைகாட்டியது.

உலர்ந்த சிந்தி ஒன்றை விட்டு எடுத்து, விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தோம். குண்டைச் சுழல வைக்கிற உள்வரிகள் பழுதில்லை. ஈயம் ஒட்டியிருக்கும், சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வடையைத் தொடு என்றேன். கழுவிவிட்டு வந்தவன், வளைந்து நெளிந்து கிடந்த அந்தப் பிரஷ்ஷை எடுத்து ஊதிப் பார்த்தான்.

"இதை நிமிர்த்திவிட்டால் இன்னொரு முறை பயன்படுத்தலாமா அங்கிள்?"

வாங்கிக் குப்பைக் கூடையில் போட்டேன். கூடையை என் பக்கம் நகர்த்தியும் வைத்துக்கொண்டேன்.