இன்ஜின் ஏன் பின்னால்? – ஒரு பாட்டியின் மே மாதக் குறிப்புகள்

மே 2, 2025, வெள்ளி

பேத்தியும் பேரனும் வந்துவிட்டார்கள். அவளுக்குப் பத்து வயது, அவனுக்கு ஆறு. அவர்களுடைய அப்பா அம்மாவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. எங்களுக்கோ விடுப்பு என்ற பேச்சே இல்லை. பணி ஓய்வில் எனக்கு மிகவும் பிடித்த சௌகரியம் இதுதான்: யாரிடமும் போய் நின்று கேட்க வேண்டாம்.

பரணில் இருந்த படப்பெட்டியை இவர் நேற்றே இறக்கி வைத்திருந்தார். நாங்கள் போய்வந்த இடங்களின் படங்கள் எல்லாம் அதற்குள். வருட வாரியாகப் பிரித்து, ஆல்பத்தில் ஒட்டி, கீழே ஒரு வரி எழுதி வைக்க வேண்டும் என்று திட்டம் போட்டிருந்தேன். கணக்குப் பிரிவிலேயே காலம் தள்ளியவளின் திட்டம் வேறு எப்படி இருக்கும்? சின்னவன் பெட்டியை அப்படியே தரையில் கவிழ்த்தான். திட்டமும் அதோடு போயிற்று.

"ஏன் பாட்டி எல்லாரும் சிவப்பா இருக்காங்க?" இதுதான் முதல் கேள்வி.

பழைய கலர் படங்களில் பலவற்றுக்கு அந்தக் கதி உண்டு. மூன்று சாயங்களில் நீலப்பச்சை முதலில் வெளிறிவிடும், மற்ற இரண்டும் தங்கிவிடும், படம் சிவந்துபோகும். கறுப்பு வெள்ளைப் படத்தில் இருப்பது சாயமே அல்ல, வெள்ளித் துகள். அதனால்தான் என் அம்மாவின் படம் இன்னும் தெளிவாக இருக்கிறது, என் நடுவயதுப் படங்கள் எல்லாம் வெந்து போனவை போலத் தெரிகின்றன.

ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். மாலையில் ஒரு படம். எது என்பதை அவர்கள் சொல்வார்கள், ஆளுக்கு ஒரு நாள். கதை எங்களுடையது.

மே 4, ஞாயிறு

சின்னவன் எடுத்தது ஊட்டி மலை ரயில் படம். நான் மலையைப் பற்றியும் பனியைப் பற்றியும் ஆரம்பித்தேன். அவன் காதிலேயே வாங்கவில்லை. படத்தில் விரலை வைத்து, "இன்ஜின் ஏன் பின்னாடி இருக்கு?" என்றான்.

சரியான கேள்வி. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது இன்ஜின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளும். முன்னால் நின்று இழுத்தால், இணைப்பு ஒன்று அறுந்தாலும் பெட்டிகள் பள்ளத்தை நோக்கி உருண்டுவிடும். பின்னால் இன்ஜின் இருந்தால் அதன் மேல்தான் சாயும். "அப்ப டிரைவருக்கு எப்படி வழி தெரியும்?" என்று அடுத்தது. ஒவ்வொரு பெட்டியின் முன்மேடையிலும் ஒரு பிரேக்காரர் நிற்பார், கொடி காட்டுவார், அது ஒருவரிடமிருந்து அடுத்தவருக்கு என்று பின்னால் போகும் என்றேன். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வளர்ந்து என்ன ஆவது என்பது இன்று மாலை முடிவாகிவிட்டது.

பல்சக்கரத்தைப் புரியவைக்கத்தான் கஷ்டப்பட்டோம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை, இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை ஓடுகிறது. இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். செங்குத்தான இடத்தில் 12 மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயரம், வெறும் சக்கரம் வழுக்கிவிடும். வாயால் சொல்லிப் பயன் இல்லை என்று தெரிந்ததும் இவர் ஓர் அட்டைப் பெட்டியைக் கிழித்தார். மேல் தாளை உரித்தால் உள்ளே நெளி நெளியாக இருக்கும் அல்லவா? அதைப் புத்தக அடுக்கின் மேல் சரிவாக வைத்து, ஓடாத கடிகாரத்திலிருந்து எடுத்த பல்சக்கரத்தை உருட்டினார். ஏறிற்று! வழவழப்பான மூடியை அதே சரிவில் வைத்தால் வழுக்கிற்று. இரவு தூங்கப் போகும்வரை இதே வேலை.

46 கிலோமீட்டர், 16 சுரங்கப்பாதைகள், ஏறுவதற்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். இது 1908-ல் ஊட்டியைத் தொட்ட பாதை, 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இதையெல்லாம் சொன்னபோது பேத்தி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நாங்கள் போன அன்று மழை என்கிறார் இவர். என் பயண நோட்டில் "வெயில், கண் கூசுகிறது" என்று இருக்கிறது. காட்டினேன். "அது வேற நாளா இருக்கும்" என்கிறார். இருந்துவிட்டுப் போகட்டும்.

மே 7, புதன்

பெட்டியைத் திறக்கவில்லை. டிவி ரிமோட்டுக்குச் சண்டை, அப்புறம் ஜன்னலோரக் கட்டிலுக்குச் சண்டை. எனக்கு முழங்கால் வலி. பேரப்பிள்ளைகளோடு இருப்பது ஆனந்தம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள், மதியம் இரண்டு மணிக்கு உடம்பு எப்படி இருக்கும் என்று யாரும் எழுதக் காணோம். ஒன்பது மணிக்கே படுத்துவிட்டேன்.

மே 9, வெள்ளி

பெரியவளின் முறை. ஜெய்ப்பூர் ஜந்தர் மந்தரை எடுத்தாள். படத்தில் நான் வெயிலுக்குத் தலையில் கைக்குட்டை போட்டுக்கொண்டு ஒரு பளிங்கு வளைவின் மேல் உள்ளங்கையை வைத்திருக்கிறேன். "என்ன பாட்டி பண்றீங்க?"

அது சாம்ராட் யந்திரம், 27 மீட்டர் உயரச் சூரியக் கடிகாரம். மன்னர் சவாய் ஜெய்சிங் கட்டிய வானாய்வுக் கூடம், 1734 வாக்கில் முடிந்தது. நடுவில் மாடிப்படி போன்ற சாய்சுவர், அதன் நிழல் பக்கத்து வளைவுகளில் விழும். அந்த நிழல் நகர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம், விநாடிக்கு ஒரு மில்லிமீட்டர். வழிகாட்டி சொன்னபடி கையை வைத்தேன். நிழல் என் உள்ளங்கையைத் தாண்ட ஒன்றரை நிமிடம்கூட ஆகவில்லை. பூமி சுற்றுகிறது என்று பள்ளியில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன், அன்றுதான் கையில் பட்டது.

இன்று காலை மொட்டைமாடியில் நாங்களும் ஒன்று செய்தோம். அட்டையில் ஒரு முக்கோணம், சாய்வு வடக்கு நோக்கி. கோணம் எவ்வளவு என்று கேட்டாள். கடிகாரம் நிற்கும் இடத்தின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு. ஜெய்ப்பூருக்கு 27 பாகை. இங்கே எவ்வளவு என்று அவளே ஃபோனில் பார்த்து வெட்டினாள்.

அதற்குள் அவளுக்கு ஒரு சந்தேகம். உயரமும் 27, கோணமும் 27, இது எப்படி? நானும் கணக்குப் போட்டேன். இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. ஜெய்ப்பூர் அதற்கு மேற்கே ஆறேமுக்கால் பாகை போல இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம். ஆக அங்கே சூரியன் உச்சிக்கு வருவது, சராசரியாக, நம் கைக்கடிகாரம் 12 காட்டி 27 நிமிடம் கழித்து! மூன்று 27.

அரைமணி நேரம் கழித்து வந்து தீர்ப்புச் சொன்னாள். "கோணம் 27 கட்டாயம். மத்த ரெண்டும் சும்மா பொருந்தியிருக்கு. ராஜா காலத்துல மீட்டரே கிடையாது, நான் பார்த்துட்டேன்." எனக்கு இது தோன்றவே இல்லை. அந்த இடத்தில் நின்று பார்த்தவள் நான், அதைப் பிரித்துச் சொன்னது அங்கே போகாத குழந்தை.

மே 12, திங்கள்

பாம்பன். போன மாதம்தான் புதிய பாலம் திறந்தார்கள், அதனால் இரண்டு பேருக்கும் பெயர் தெரியும். நாங்கள் போனது பழைய பாலத்தில், 1914-ல் திறந்தது. ரயில் ஊர்ந்துதான் போகும். பக்கத்தில் கைப்பிடிச் சுவர் எதுவும் கிடையாது, ஜன்னலில் எட்டிப் பார்த்தால் நேரே கடல். காற்று பலமாக அடித்தால் ரயிலை விடமாட்டார்கள். மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் விழாது.

கப்பல் வந்தால் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து மேலே தூக்கும், ஆட்கள் கையால் நெம்புகோல் தள்ளித் தூக்குவார்கள். புதியதில் அப்படி இல்லை, 72.5 மீட்டர் நீளத் துண்டு மோட்டாரால் அப்படியே செங்குத்தாக மேலே போகும். இரண்டு ஸ்கேலை வைத்துப் பழையதையும், ஒரே ஸ்கேலை வைத்துப் புதியதையும் செய்து பார்த்தோம். சோப்பு டப்பாதான் கப்பல். பழையதுதான் நன்றாக இருக்கிறது என்று சின்னவன். எனக்கும் அப்படித்தான்.

1964 டிசம்பர் புயலைச் சொல்வதா வேண்டாமா என்று தயங்கினேன். இவர் சொல்லிவிட்டார், சுருக்கமாக. தனுஷ்கோடி போன ரயில், அதில் இருந்தவர்கள், மூழ்கிய ஊர். இரண்டு பேரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்த ஊருக்குத் திரும்ப ரயில் விட்டாங்களா?" என்றாள். இல்லை, பாம்பன் பாலத்தை மட்டும் 46 நாளில் சரி செய்தார்கள், ஸ்ரீதரன் என்ற பொறியாளரின் பொறுப்பில். தனுஷ்கோடிப் பாதை அப்படியே விடப்பட்டது. இடிந்த தேவாலயத்தின் முன் நாங்கள் நின்ற படம் பெட்டியில் இருக்கிறது. அதை இன்று எடுக்கவில்லை.

மே 15, வியாழன்

"தாத்தா எங்கே? ஒரு படத்துலயும் இல்லையே?" என்று பேத்தி. உண்மைதான். எல்லா இடத்திலும் நான் விறைப்பாக நிற்கிறேன், கேமராவுக்குப் பின்னால் இவர். ஒரு ரோலுக்கு 36 படம்தான், யாரிடமாவது கொடுத்து எடுக்கச் சொல்லி அவர் கோணலாக எடுத்துவிட்டால் போச்சு என்று இவருக்குப் பயம். நோட்டைப் புரட்டினேன். அதில் எல்லாப் பக்கத்திலும் இவர்தான்: "இன்றும் குடையைத் தொலைத்தார்", "இறங்கிப் போய்த் தண்ணீர் பிடித்தார், ரயில் நகர்ந்துவிட்டது, கடைசிப் பெட்டியில் ஏறி நடந்து வந்தார்." வாசித்துக் காட்டினேன். ஜெய்ப்பூரைவிட இதற்குத்தான் வரவேற்பு.

பேத்தி தோட்டத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு ஃபோனில் ஏகப்பட்ட படங்களோடு வந்தாள். லிண்டா ஹென்கல் என்ற உளவியலாளர் 2014-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு ஞாபகம் வந்தது. அருங்காட்சியகத்தில் பொருள்களை வெறுமனே பார்த்தவர்களைவிடப் படம் எடுத்துக்கொண்டு போனவர்களுக்கு நினைவு குறைவாக இருந்ததாம். ஆனால் ஒரு பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கி எடுத்தவர்களுக்கு அந்தக் குறைவு இல்லை. சொன்னேன். மறுபடி போய் ஓர் எறும்பின் பின்னாலேயே நடந்துவிட்டு வந்தாள். அந்த எறும்பைப் பற்றி இரவு முழுக்கப் பேச்சு.

எனக்கு ஒன்று தெளிவாகிறது. ஓய்வு பெற்ற பிறகு இன்னும் எத்தனை ஊர் பார்க்கலாம் என்றுதான் நண்பர்கள் எல்லோரும் பட்டியல் போடுகிறார்கள். நாங்களும் போட்டோம். பார்த்துவிட்ட ஊர்களிலேயே பாதி இன்னும் பிரிக்காத பொட்டலமாகக் கிடப்பது இவர்கள் வந்து கேள்வி கேட்டால்தான் தெரிகிறது. அழகாக இருந்தது, பிரமாதமாக இருந்தது என்றால் இரண்டு நிமிடத்தில் எழுந்து போய்விடுகிறார்கள். எப்படி வேலை செய்தது, யார் தள்ளினார்கள் என்று ஆரம்பித்தால் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

மே 18, ஞாயிறு

அங்கோர் வாட். ஓய்வுக்குப் பிறகு போன இடம், அதனால் படம் சிவக்கவில்லை. இரண்டாம் சூரியவர்மன் 12-ம் நூற்றாண்டில் கட்டியது, மேற்குப் பார்த்த கோயில். கிழக்குப் பக்க மண்டபச் சுவரில் பாற்கடல் கடையும் சிற்பம், ஏறக்குறைய 49 மீட்டர் நீளம். ஒரு முனையில் பார்க்கத் தொடங்கினால் நடந்துகொண்டே இருக்க வேண்டும்.

அசுரர் 92, தேவர் 88 என்று சொன்னதும் சின்னவன், "அப்ப அசுரர்தானே ஜெயிக்கணும்?" என்றான். போட்டி இல்லை, இரண்டு பக்கமும் மாறி மாறி இழுத்தால்தான் மத்து சுற்றும் என்றேன். நம்பவில்லை. போர்வையை முறுக்கி வாசுகி ஆக்கி, நடுவில் ஒரு நாற்காலிக் காலில் சுற்றினோம். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் இழுத்தால் ஒன்றும் நடக்கவில்லை. மாறி மாறி இழுத்ததும் நாற்காலி கிறுகிறுவென்று திரும்பிற்று. நாற்காலியில் தாத்தா உட்கார்ந்திருந்தார். அதைச் சொல்ல விட்டுவிட்டேன்.

மேல் தளத்துக்கு ஏறும் படிகள் ரொம்பச் செங்குத்து. இவர் ஏறினார், நான் கீழே உட்கார்ந்துவிட்டேன். "மேலே என்ன இருந்துச்சு?" என்று பேத்தி இவரைக் கேட்டபோதுதான், நானும் இத்தனை நாளாக அதைக் கேட்கவே இல்லை என்று தெரிந்தது. காற்று என்றார். அப்புறம், நான் கீழே உட்கார்ந்திருந்தது அங்கிருந்து தெரிந்தது என்றார்.

மே 21, புதன்

நாளை மறுநாள் மகளும் மருமகனும் வருகிறார்கள். துணிகளைத் தேடிச் சேர்த்தாயிற்று, ஒரு சாக்ஸ் தவிர. படங்கள் இன்னும் தரையிலிருந்து பெட்டிக்குப் போகவில்லை. வருட வாரியாக வைக்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். பெரியவள் வேறு மாதிரி பிரித்திருக்கிறாள்: "தள்ளுறது", "தூக்குறது", "நிழல்", "தாத்தா தொலைச்சது".

பேத்தியும் பேரனும் சேர்ந்து எங்களுக்கு ஒரு பயணம் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். மறுபடியும் மலை ரயில், அக்டோபரில். நிபந்தனைகள் உண்டு. இன்ஜின் பின்னால் இருப்பதால் முதல் பெட்டியில்தான் உட்கார வேண்டும். பிரேக்காரரிடம் பேச வேண்டும். கொடி என்ன நிறம் என்று பார்த்து வர வேண்டும். சுரங்கத்துக்குள் கத்த வேண்டும், தாத்தாவும். படம் பத்துக்கு மேல் எடுக்கக் கூடாது, ஒன்றிலாவது தாத்தா இருக்க வேண்டும்.

முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கும். ஆகஸ்டில் ஞாபகப்படுத்தச் சொல்லிப் பேத்தி என் ஃபோனில் அலாரம் வைத்துவிட்டாள். இவர் இப்போதே ஜன்னல் சீட் இடப்பக்கம் வேண்டும் என்கிறார், போன தடவை பள்ளத்தாக்கு அந்தப் பக்கம்தான் தெரிந்ததாம். மழையில் அவருக்குப் பள்ளத்தாக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.