அம்மா கொடுத்த கிட்னியும் அரை மில்லி மருந்தும்

"சிஸ்டர், இது எங்கம்மா கொடுத்தது. ஊசி போட்டு இதுக்கு ஏதாவது ஆயிட்டா?"

சென்னையில் சிறுநீரக மாற்றுப் பிரிவில் செவிலியராக வேலை பார்க்கிறேன். மழைக்காலம் நெருங்கி, ஓபியில் ஃப்ளூ தடுப்பூசி பேச்சு தொடங்கினாலே இந்தக் கேள்வி வந்துவிடும். அன்றைக்குக் கேட்டவர் ஒரு தையற்காரர், மாற்று சிகிச்சை முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கொடுத்த அம்மா பக்கத்திலேயே மாத்திரைப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இந்தப் பயத்தை அறியாமை என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. புது உறுப்பை உடம்பு ஒதுக்கிவிடக் கூடாது என்றுதான் டாக்ரோலிமஸ், மைக்கோஃபெனோலேட், பிரெட்னிசோலோன் என்று வேளை தவறாமல் கொடுத்து எதிர்ப்பு சக்தியை அடக்கி வைக்கிறோம். தடுப்பூசியோ அதே எதிர்ப்பு சக்தியை உசுப்பிவிடுவது. அப்படியென்றால் அது கிட்னி மேலும் பாயாதா? நியாயமான சந்தேகம்தான். மருத்துவர்களுக்கும் இது இருந்தது. 2009இல் எச்1என்1 என்ற பன்றிக் காய்ச்சல் பரவியபோது, வீரியம் கூட்டும் பொருள் சேர்த்த தடுப்பூசிகள் பல நாடுகளில் மாற்று உறுப்பு பெற்றவர்களுக்குப் போடப்பட்டன. சிலருடைய ரத்தத்தில் உறுப்புக்கு எதிரான ஆன்டிபாடிகள் புதிதாகத் தென்பட்டதாக ஓரிரு ஆய்வுகள் சொன்னதும் கவலை கூடியது. அதற்குப் பிறகு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஊசி போட்டவர்களுக்கு உறுப்பு நிராகரிப்பு அதிகமாகவில்லை என்பது தெளிவானது.

இவ்வளவையும் அவரிடம் ஒரே மூச்சில் கொட்ட முடியாது. "அண்ணா, இதில் இருப்பது செத்த வைரஸ், அதையும் துண்டு துண்டாக்கி வைத்திருக்கிறார்கள். இதனால் ஃப்ளூ வராது. நிஜக் காய்ச்சல் வந்தால்தான் கிட்னிக்கு ஆபத்து" என்றேன்.

அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு வருடம் நவம்பரில் ஒருவர் மூச்சுத் திணறலோடு வந்தார். ஃப்ளூ ஊசி போடப் போனவரை வேறோர் இடத்தில் "மாற்று செய்தவங்களுக்கு இதெல்லாம் ஆகாது" என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். வந்தது நிமோனியா. கிட்னி சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் கூடும் கழிவான கிரியாட்டினின் நாளுக்கு நாள் ஏறியது. பிழைத்துப் போனார், ஆனால் அந்தக் கிரியாட்டினின் பழைய இடத்துக்கு இறங்கவேயில்லை. அவரைத் திருப்பி அனுப்பிய அந்த ஒரு வாக்கியத்தின் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

ஒன்று மட்டும் உண்மையிலேயே ஆகாது, மூக்கில் தெளிக்கும் தடுப்பு மருந்து. அதில் இருப்பது உயிருள்ள, வலுக்குறைத்த வைரஸ். அதனால் வெளியே போட்டுக்கொள்பவர்களிடம் "ஊசியா, ஸ்ப்ரேயா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்" என்று இரண்டு தடவை சொல்வேன். ஊசியை, மாற்று முடிந்து 1 மாதத்துக்குப் பிறகே போடலாம் என்று வழிகாட்டுதல்கள் இருக்கின்றன. எங்கள் மருத்துவர்கள் பொதுவாக 3 மாதம் பொறுப்பார்கள். அடக்கி வைத்த உடம்பில் ஊசியின் பலன் மற்றவர்களைவிடக் குறைவு, மைக்கோஃபெனோலேட் எடுப்பவர்களுக்கு இன்னும் குறைவு. அதை மறைக்காமல் சொல்லிவிடுவேன். அதனால்தான் வீட்டில் இருப்பவர்களும் போட்டுக்கொள்ள வேண்டும் என்கிறோம்.

இதைச் சொன்னதும் அம்மா பையை நாற்காலியில் வைத்துவிட்டு, "அப்ப எனக்கு முதல்ல போடும்மா" என்று எழுந்து வந்தார்.

போட்டேன். அடுத்து மகன் இடது சட்டைக் கையை மடித்தார். முழங்கைக்குக் கீழே டயாலிசிஸுக்காக வைத்த ஃபிஸ்டுலா, அதாவது ரத்தக்குழாய் இணைப்பு, புடைத்துக்கொண்டிருந்தது. தொட்டால் விர்ரென்று அதிரும். அந்தக் கையில் ஊசியும் போட மாட்டோம், பிபியும் பார்க்க மாட்டோம். "வலது கை அண்ணா" என்றேன். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சிரிஞ்சு உள்ளங்கையில் சில்லென்று இருந்தது. 0.5 மில்லிதான், போட்டு முடிக்கிற வரைக்கும் அவர் வயிற்றின் வலப்பக்கத்தை இன்னொரு கையால் மூடிக்கொண்டிருந்தார்.

மறுநாள் மாலை போன் வந்தது. கை வலிக்கிறது, உடம்பு லேசாகக் கதகதவென்று இருக்கிறது, ஊசி நல்லா வேலை செய்யட்டும் என்று இன்றைக்கு ஒரு வேளை டாக்ரோவை நிறுத்தட்டுமா என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேற்றே இதைச் சொல்லாமல் விட்டது என் தப்பு.

"ஐயோ வேண்டாம் அண்ணா. வலி ரெண்டு நாளில் போயிடும். ராத்திரி 9 மணி மாத்திரையை 9 மணிக்கே போடுங்க."

பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது: "நான் அலாரம் வச்சிட்டேன்னு சொல்லுடா."