ஒன்பதாம் மாச ஊசிக்கு மூணு புதன்கிழமை

பிள்ளைக்கு ஒன்பதாம் மாசத் தடுப்பூசி போட ஆனது ரெண்டு நிமிஷம். அதுக்காக நான் அலைஞ்சது மூணு புதன்கிழமை.

பிரசவம் தென்காசிப் பக்கம் அம்மா வீட்டில். பிறந்ததும் போடுகிற பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசியிலிருந்து மூன்றரை மாச ஊசி வரை எல்லாம் அங்கேயே சிக்கலில்லாமல் முடிந்தது. ஆறாம் மாதம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருப்பூர் வந்தேன், தடுப்பூசி அட்டை வரவில்லை. ரேஷன் கார்டோடு சேர்த்து அம்மா அதைப் பத்திரப்படுத்தியிருக்கிறாள்!

முதல் புதன், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீட்டு போடுகிறவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அட்டை இல்லாம என்ன போட்டிருக்குன்னு எப்படிங்க பாக்கறது?" கேள்வி நியாயம்தான், கேட்ட தோரணைதான் எரிச்சல். அம்மாவுக்குப் போன் போட்டேன். வாட்ஸ்அப்பில் வந்தது அட்டையின் முன்பக்கம் மட்டும். ஊசித் தேதிகள் எல்லாம் உள்பக்கத்தில்.

அடுத்த வாரத்துக்குள் கூரியரில் அட்டையே வந்துவிட்டது. இரண்டாம் புதன் பதினொன்றரைக்குப் போய் நின்றேன். அங்கே சொன்னார்கள்: "இன்னைக்கு ஒம்பது மாசக் குழந்தை இது ஒண்ணுதான். ஒரு குப்பியில அஞ்சு பேருக்கு மருந்து, ஒடைச்சா வீணாயிரும். அடுத்த வாரம் வாங்க." தட்டம்மை-ரூபெல்லா மருந்தைக் கலக்கிவிட்டால் நாலு மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், மிச்சத்தைக் கொட்டத்தான் வேண்டும். அதற்காக என் பிள்ளையைத் திருப்பி அனுப்புவதா? ஒரே குழந்தை வந்தாலும் திறந்து போடலாம் என்று எங்கள் பகுதி கிராம சுகாதாரச் செவிலியர் பிறகு சொன்னார். அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

வீட்டுக்கு வந்து புலம்பினேன். இவ்வளவு நாள் "ஊசி போட்டா காய்ச்சல் வருமே" என்று முனகிக்கொண்டிருந்த மாமியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், தட்டம்மையை மணல்வாரி என்றே சொல்லும் அவர் சொன்னார்: "எந்தம்பி மணல்வாரியிலதான் போனான். ரெண்டு வயசு. அடுத்த வாரம் நானும் வாரேன்."

மூன்றாவது புதனுக்கு முன்னாலேயே செவிலியருக்குப் போன் செய்து, யார் யாருக்கு ஊசி பாக்கி என்று கேட்டேன். எங்கள் தெருவிலேயே இன்னும் ரெண்டு குழந்தைகள் இருந்தன. ஒன்பது மணிக்கு மூன்று பேரும் சேர்ந்தே போனோம். குப்பி திறந்தது, அதன்மேல் நேரம் எழுதினார்கள். தட்டம்மை-ரூபெல்லா, நிமோனியாவைத் தடுக்கும் நிமோகாக்கல், போலியோ மூன்றும் அன்றைக்கே போட்டு, வைட்டமின் ஏ சொட்டும் கொடுத்தார்கள். தள்ளிப்போனதற்காக முதலிலிருந்து தொடங்க வேண்டுமோ என்று பயந்திருந்தேன். தேவையில்லையாம், விட்ட இடத்திலிருந்து போட்டால் போதும். அரை மணி நேரம் உட்கார வைத்துத்தான் அனுப்பினார்கள்.

இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை: எட்டாம் நாள் லேசான காய்ச்சல், நெஞ்சில் சிவப்புப் புள்ளிகள். மாமியார் வேப்பிலை பறிக்கவே போய்விட்டார். செவிலியருக்குப் போன் செய்தேன். தட்டம்மை ஊசிக்கு ஒரு வாரம் பத்து நாள் கழித்துச் சில குழந்தைகளுக்கு இப்படி வருமாம், ரெண்டு மூணு நாளில் அடங்கிவிடும், மற்றவருக்கு ஒட்டாது என்றார். அப்படியே அடங்கியது.

அடுத்த ஊசி பதினாறாம் மாசம். அட்டையின் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து அம்மாவுக்கும் தம்பிக்கும் அனுப்பிவிட்டேன். அசல் இப்போது சாமி அலமாரியில், விபூதி டப்பாவுக்கு அடியில். நான் கேட்டால்கூட மாமியார் "எதுக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் எடுத்துத் தருகிறார்.