கொழந்தை தூங்கறப்ப நீ தூங்கறயா அம்மிணி?

பிள்ளை பெத்தவளுக்கு மனசு சரியில்லை என்றால் மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பாள் என்றுதான் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் எண்ணம். முதல் சில நாட்கள் நானும் அழுதேன். மூன்றாம் நாள் வாக்கில் பல பேருக்கு வருவதுதான், ரெண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும் என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லியிருந்தார்கள். அழுகை நின்றது. கூடவே தூக்கமும் போனது. குழந்தைக்கு மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பதே ராத்திரி வேலை. பகலில் யார் பேசினாலும் எரிந்து விழுந்தேன். ஒறம்பரைக்காரர்கள் "பொறுப்பான புள்ள" என்று பாராட்டிவிட்டுப் போனார்கள்.

வாழ்க்கைப்பட்டது திருப்பூர், அம்மா வீடு கோபிச்செட்டிபாளையம் பக்கம். அவருக்குப் பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட், ஞாயிற்றுக்கிழமை வந்து முகம் காட்டிவிட்டுப் போவார். 34 வாரத்திலேயே பிறந்து, கொஞ்ச நாள் இன்குபேட்டரில் இருந்தவள் என் மகள். பார்க்க வந்தவர்கள் "பொட்டப்புள்ளயா, சரி, அடுத்தது பாத்துக்கலாம்" என்றார்கள். பால் பத்தவில்லை என்று பூண்டாகத் தின்ன வைத்தார்கள். "வெசனப்படாத கண்ணு, பால் வத்திப்போயிரும்" என்பாள் அம்மாயி. அதைக் கேட்டால் வெசனம் இன்னும் கூடும்.

ஒன்றரை மாசத் தடுப்பூசிக்குப் போனபோது, ஊசி போட்ட நர்சக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "கொழந்தை தூங்கறப்ப நீ தூங்கறயா அம்மிணி?"

"அவ தூங்குனாலும் எனக்குத் தூக்கம் வர்றதில்லீங்கக்கா."

கைக்குழந்தைக்காரிக்குத் தூக்கம் கெடுவது சகஜம். தூங்க நேரம் கிடைத்தும் தூங்க முடியாததுதான் கவனிக்க வேண்டியது என்று சொல்லி, ஈரோட்டில் ஒரு மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னார். அதற்கு முன்னால் அம்மாயிக்காக மந்திரித்துத் திருநீறும் போட்டாயிற்று. வேண்டாமென்று சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

அங்கே பத்துக் கேள்விகள் உள்ள ஒரு தாள் கொடுத்தார்கள். பிள்ளை பெத்தவளுக்கு மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்ப்பதற்கானது. எடின்பரோ அளவுகோல் என்று பெயர், 1987-இல் வந்தது. கடந்த 7 நாட்களில் சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் பயந்தீர்களா என்று போகும். மொத்தம் 30 மதிப்பெண். தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது கடைசிக் கேள்வி. அதற்கு ஆமென்று சொன்னால், கூட்டுத்தொகை குறைவாக இருந்தாலும் விடமாட்டார்களாம்.

அப்புறம் டாக்டரம்மா பழங்கதை கேட்டார். அப்பா இறந்த வருஷம் காலேஜுக்குப் போகாமல் மாசக்கணக்கில் படுத்துக் கிடந்தது, சின்னம்மாவுக்குப் பிரசவத்துக்குப் பிறகு "காத்துக் கருப்பு" பிடித்ததாகச் சொன்னது, குறைமாசக் குழந்தை, கூடவே இல்லாத புருஷன். எல்லாம் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதிகள்தான். ஒரே தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தவர் அவர் ஒருத்தர்தான்.

இன்னொன்றும் கேட்டார்: எப்போதாவது தூங்காமலே களைப்புத் தெரியாமல், ஓயாமல் பேசிக்கொண்டு, கண்டபடி செலவு செய்துகொண்டு இருந்ததுண்டா? இப்படித் துள்ளலும் பிறகு சோர்வுமாக மாறி மாறி வரும் இருபோக்கு மனநோய் இருந்தால் மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுப்பது ஆபத்து என்பதால் இந்தக் கேள்வியாம்.

கிணற்றுமேட்டைப் பற்றி அன்றைக்குத்தான் வாய் திறந்தேன். அந்தப் பக்கம் போனாலே குழந்தை கை நழுவி விழுவதுபோல மனசுக்குள் ஓடும். அதற்குப் பயந்தே போவதை விட்டிருந்தேன். சொன்னால் குழந்தையைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்று நினைத்திருந்தேன். அவர் பதறவில்லை. "அந்த நெனப்பு வந்தா எப்படி இருக்குது?" "நடுங்கிப்போயிருதுங்க." நடுங்குவதும் ஒதுங்குவதும் பதற்றத்தின் கூறு, நிறையத் தாய்மாருக்கு வருகிறது என்றார். காதில் குரல் கேட்கிறது, இது என் குழந்தையே இல்லை என்று ஒருத்தி சொன்னால் அது மனப்பிறழ்வு, சங்கதி வேறு. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் ரெண்டு வாரத்துக்குள் வரும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும், அவளையும் குழந்தையையும் தனியே விடக்கூடாது.

தைராய்டும் ரத்தசோகையும் இருக்கிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வு என்று சொல்லி, அதற்கான செர்ட்ரலின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அம்மாவுக்குப் பால்மேல் பயம். பாலில் இறங்குவது மிகக் கொஞ்சம், தாராளமாகக் கொடுக்கலாம் என்று அம்மாவிடமே விளக்கினார். மாத்திரையைவிட முதலில் உதவியது தூக்க ஏற்பாடு: பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டு நான் உள்ரூமில் படுப்பது, முன்ராத்திரியை அம்மா பார்ப்பது. மாத்திரை கேட்க வாரங்கள் ஆயின. தூக்கம் திரும்பியது, பிறகு கோபம் தணிந்தது, விரல் வைத்துப் பார்ப்பது கடைசியாகத்தான் விட்டது. நல்லாகிவிட்டது என்று நாமாக நிறுத்தக்கூடாது, குணமான பிறகும் ஆறு மாசமாவது எடுக்க வேண்டும் என்பதால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

சின்னம்மா மகளுக்கு இப்போது ஆறாம் மாசம். கர்ப்பத்திலேயே இந்த மனச்சோர்வு தொடங்குவதும் உண்டு. அடுத்த செக்கப்பில் அவள் அம்மாவுக்கு நடந்ததைச் சொல்லிக் குறித்துக்கொள்ளச் சொல் என்றிருக்கிறேன். 14416 நம்பரையும் போனில் பதிந்து கொடுத்தேன். டெலி மானஸ் என்ற அரசாங்க மனநல உதவி எண் அது, ராத்திரி எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது.