பண்ருட்டி முந்திரியும் ஒன்பதாம் வகுப்புக் கணக்கும்

"படிப்பில் இவனுக்கு ஆர்வமே இல்லை சார்" என்று பெற்றோர் சொல்லும்போது, அந்தப் பிள்ளைக்கு எந்த வகுப்பில், எந்தப் பாடத்தோடு புரிதல் நின்றுபோனது என்பதே எனக்கு முதலில் எழும் கேள்வி. கடலூர் மாவட்டத்தில், பண்ருட்டியை அடுத்த ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருக்கிறேன். ஆர்வம் போனதால் கணக்கு வராமல் போனவர்களைவிட, கணக்கு வராததால் ஆர்வம் போனவர்களையே அதிகம் பார்த்திருக்கிறேன்.

எட்டாம் வகுப்பு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்தி வைப்பதில்லை. பிள்ளையைப் பள்ளியில் தக்கவைக்கும் அந்த ஏற்பாட்டை நான் முழு மனத்துடன் ஆதரிக்கிறேன். ஆனால் ஐந்தாம் வகுப்பில் பின்னம் புரியாத ஒருவன், கரும்பலகையில் உள்ளதை அழகாகப் பார்த்தெழுதிக்கொண்டே, எவர் கண்ணிலும் படாமல் ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட முடிகிறது. அவனிடம் பல்லுறுப்புக் கோவையைப் பற்றி எவ்வளவு சுவையாகப் பேசினாலும் பயனில்லை. ஆகவே ஆண்டுத் தொடக்கத்தில், மதிப்பெண் போடாமல், ஒவ்வொருவரையும் தனியாக அருகில் அமர்த்திச் சில எளிய கணக்குகளைக் கொடுத்து, கை எந்த இடத்தில் தயங்கி நிற்கிறது என்று பார்க்கிறேன். பெரும்பாலும் அது பின்னத்தில்தான் நிற்கிறது. 4-ஐவிட 8 பெரிது, ஆகவே 1/4-ஐவிட 1/8 பெரிது என்று எழுதுகிறார்கள்.

எங்கள் பிள்ளைகள் பலருடைய வீட்டில் முந்திரித் தொழிலில் யாராவது ஒருவர் இருப்பார். பருப்பை டபிள்யூ 180, டபிள்யூ 240, டபிள்யூ 320 என்று தரம் பிரிப்பார்கள். ஒரு பவுண்டு எடைக்கு, அதாவது சுமார் 454 கிராமுக்கு, அதிகபட்சம் எத்தனை முழுப் பருப்பு ஏறும் என்பதைத்தான் அந்த எண் குறிக்கிறது. எண் கூடக் கூடப் பருப்பு சிறிதாகும், விலையும் குறையும். "320 பெரிய எண்தானே தம்பி, அதற்கு ஏன் விலை குறைவு?" என்று ஒரு மாணவனிடம் கேட்டேன். "பவுண்டுக்கு அத்தனை ஏறுதுன்னா ஒவ்வொண்ணும் சிறுசாத்தானே சார் இருக்கும்" என்று, இதுகூடத் தெரியாதா என்ற தொனியில் பதில் வந்தது. உடனே 1/180, 1/320 என்று எழுதி, ஒரு பவுண்டை இத்தனை சம பங்காகப் பிரித்தால் எந்தப் பங்கு பெரிது என்று கேட்டேன். அவன் சரியாகச் சொன்னதோடு, 1/4, 1/8 கணக்கையும் தானே அடித்துத் திருத்தினான். பின்னங்களைக் கூட்டுவதற்கு அதன்பிறகும் பல நாள் திணறினான் என்றாலும், கணக்கு வேளையில் தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று எழுந்து போவது நின்றது.

இதை வகுப்பு முழுவதன் முன்னால் செய்யக் கூடாது. முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டுக் கறுத்துப்போன அம்மாவின் கைகளைப் பற்றிப் பிறர் முன் பேச விரும்பாத பிள்ளைகளும் உண்டு.

பேனா, பென்சில் பெட்டி என்று பரிசு கொடுத்து ஆர்வமூட்டலாமே என்று சக ஆசிரியர்கள் சொல்வதுண்டு. லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்னும் உளவியலாளர்கள் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், படம் வரைவதில் ஏற்கெனவே விருப்பமுள்ள மழலையர்க்கு, வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு அதைக் கொடுத்தபோது, பின்னர் அவர்கள் தாமாக வரைவது குறைந்தது. சொல்லாமல் கொடுத்தபோது அப்படிக் குறையவில்லை. விருப்பமே இல்லாத பிள்ளைக்கு இது அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும், பரிசு நின்றதும் கணக்கும் நின்றுவிடுவதை நான் கண்டிருப்பதால், பரிசுக்குப் பதிலாக, முந்தைய நாள் போட்டதைவிட ஒரே ஒரு படி கடினமான கணக்கை மறுநாள் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

-5 போன்ற குறை எண்களுக்கு இத்தனை பொருத்தமான வழி இன்னும் அகப்படவில்லை. பருப்பு வியாபாரிகளிடம் முன்பணம் வாங்கிக் கழிக்கும் வழக்கம் இங்கே உண்டு. அந்தப் பற்று வரவு நோட்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, பெயர்களை மறைத்துவிட்டு, அடுத்த பருவத்தில் முயன்று பார்க்க இருக்கிறேன்.