எறும்பு எங்கே போயிற்று?

ஜூன் 12, வியாழன்

பேரப்பிள்ளைகள் இருவரும் படுக்கையை எங்கள் அறைக்கு மாற்றிக்கொண்டார்கள். பெரியவளுக்கு ஐந்து வயது, சின்னவனுக்கு இரண்டரை. அப்பத்தா கொசுவலை கட்டுவதோடு சரி. கதை வாசிப்பது என் பொறுப்பு.

ஓய்வு பெறும்வரை அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவன் நான். ஒரு புள்ளி விடாமல் படித்தேன். சின்னவன் எழுத்துப் பக்கம் திரும்பவே இல்லை. ஆடு மேயும் படத்தின் மூலையில் ஓர் எறும்பு. அடுத்த பக்கம் வந்ததும், "எறும்பு எங்கே தாத்தா?" என்றான். கதையில் எறும்பே கிடையாது. ஆனால் படத்தில், குடத்தின் அடியில் இருந்தது! வரைந்தவர் தமக்கென்று தனிக்கதை ஒன்றை ஓட்டியிருக்கிறார். அச்சகத்தில் இருந்தபோது இதையெல்லாம் யார் பார்த்தார்கள்?

ஜூன் 14, சனி

மதுரை புதுநத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குக் கூட்டிப்போனேன். 2023 ஜூலை 15, காமராசர் பிறந்த நாளன்று திறந்தது. குழந்தைகள் பகுதியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்கிறார்கள்.

கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டி நீதி போட்ட புத்தகங்களை ஒதுக்கிவைத்தேன். தூங்கப்போகும் பிள்ளைக்கு எதற்கு அறிவுரை? ஓவியர் பெயரைப் பொடி எழுத்தில் உள்ளே ஒளித்துவைப்பவர்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு.

"ஏன் எல்லாப் புத்தகமும் ஒல்லியாக இருக்கிறது?" என்றாள் பெரியவள். வீட்டுக்கு வந்ததும் பழைய நாளிதழை மடித்துக் காட்டினேன். ஒரு தாளின் இருபுறமும் எட்டெட்டுப் பக்கம் அச்சிட்டு மடித்தால் 16 பக்கம், அது ஒரு பாரம். இரண்டு பாரம் சேர்ந்தால் 32. படப் புத்தகங்கள் பல 32 பக்கத்தில் நிற்பதற்குத் தாளின் கணக்குத்தான் காரணம். அவள் மடித்த தாளில் பக்க எண் போட்டாள். பிரித்தால் எண்கள் தலைகீழாகவும் முன்பின்னாகவும் கிடந்தன. சிரித்துச் சிரித்து இரவுச் சாப்பாடு தாமதமாகிவிட்டது.

ஜூன் 17, செவ்வாய்

மின்தடை. குழந்தை நூல் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. கைபேசியில் ஒன்றைத் திறந்தேன். படங்கள் நன்றாகத்தான் இருந்தன. சின்னவன் விரலால் தள்ளித் தள்ளி ஒரே நிமிடத்தில் முடித்துவிட்டான். டார்ச் விளக்கில் தாள் புத்தகமே மேல்.

ஜூன் 22, ஞாயிறு

இன்றைய கதையில், "சூரியன் மலைக்குப் பின்னால் போனது" என்று ஒரு வரி. சின்னவன் மலையின் மேல் கையை வைத்து, "யானை தூங்குகிறது" என்றான். ஒத்தக்கடைப் பிள்ளை, தினமும் யானைமலையைப் பார்த்து வளர்கிறவன், வேறென்ன சொல்வான்? "தும்பிக்கை எங்கே?" என்று பெரியவள் மல்லுக்கு நின்றாள். வரியை அப்படியே விட்டுவிட்டு நானும் தும்பிக்கை தேடினேன்.

இழுபறியில் நடுப்பின் கழன்று நான்கு பக்கம் தனியாக வந்துவிட்டது. நாளை கீழமாசி வீதிப் பக்கம் போகும்போது தையல் ஊசியும் தடித்த நூலும் வாங்க வேண்டும்.