ஒரே ஒரு வார்த்தைக்காக இரண்டு தடவை அலைந்தேன்

புற்றுநோய்க்காக இடது மார்பை எடுத்தபோதே, தோலை மெல்ல மெல்ல விரிக்கும் எக்ஸ்பாண்டர் என்ற பையை உள்ளே வைத்துவிட்டார்கள். வாராவாரம் அதில் உப்புநீர் ஏற்றியதில் பெரிய தொந்தரவு இல்லை. அதன் இடத்தில் வைக்கும் நிரந்தர இம்பிளாண்ட், அதாவது செயற்கை மார்பு, எது என்று முடிவெடுக்க உட்கார்ந்தபோதுதான் தலை சுற்றியது.

டாக்டர் மூன்று மாதிரிகளை மேசையில் வைத்து, அழுத்திப் பார்க்கச் சொன்னார். உப்புநீர் நிரப்பிய சலைன், தண்ணீர் பாக்கெட் மாதிரி; ஓரத்து மடிப்பு விரலில் தட்டியது. சிலிக்கோன் ஜெல், இளநுங்கு மாதிரி. மூன்றாவது கண்ணீர்த்துளி வடிவம். எனக்கு அதுதான் பிடித்தது. ஆனால் உள்ளே புரண்டுவிடாமல் இருக்க அதன் மேற்புறத்தைச் சொரசொரப்பாகச் செய்கிறார்களாம். அந்தச் சொரசொரப்பு வகைகளில்தான் ஏ.எல்.சி.எல். என்ற நிணநீர்ப் புற்றுநோய் அபூர்வமாக வருகிறது. அலர்கன் கம்பெனியின் பயோசெல் என்ற சொரசொரப்பு வகையை 2019இல் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். ஒரு புற்றுநோய் போதும் சாமி என்று வழுவழுப்பான உருண்டை சிலிக்கோனுக்குத் தலையாட்டினேன்.

ஒன்று கவனியுங்கள். சலைன் கிழிந்தால் மார்பு வடிந்து உடனே தெரியும். சிலிக்கோன் சத்தமில்லாமல் கிழியும். அதைக் கண்டுபிடிக்க, வைத்த 5, 6 வருடத்தில் எம்.ஆர்.ஐ. அல்லது அல்ட்ராசவுண்ட், அப்புறம் 2, 3 வருடத்துக்கு ஒன்று. அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் சேருங்கள்.

சரி, இன்சூரன்ஸுக்கு வருவோம். விழுப்புரத்திலிருந்து சென்னைக்குப் போய் நின்றால், "இது காஸ்மெட்டிக் மேடம், வராது" என்றார் மருத்துவமனை இன்சூரன்ஸ் கவுண்டரில் இருந்தவர். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. திரும்பிவிட்டேன். ராத்திரி பாலிசியை எடுத்துப் படித்தால், விலக்குகளில் எட்டாவது: அழகுக்கான அறுவை சிகிச்சைக்குப் பணம் கிடையாது, ஆனால் விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்புக்கு அந்த விலக்கு பொருந்தாது.

மறுநாள் அதே கவுண்டர். அந்த வரியைக் காட்டினேன். அப்போதுதான் டாக்டர் எனக்குக் கொடுத்திருந்த கடிதத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். "ஆக்மென்டேஷன்" என்று டைப் அடித்திருந்தது! பெரிதாக்கும் அறுவை சிகிச்சையாம். "ரீகன்ஸ்ட்ரக்ஷன் ஆஃப்டர் மாஸ்டெக்டமி", அதாவது மார்பை எடுத்த பிறகான சீரமைப்பு, என்று டாக்டரிடம் திருத்தி வாங்கி, பயாப்ஸி ரிப்போர்ட்டையும் இணைத்தேன். சாயங்காலமே அனுமதி வந்தது. டாக்டர் கடிதத்தைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று படியுங்கள்.

டிஸ்சார்ஜ் அன்று இம்பிளாண்ட் ஸ்டிக்கர் கேட்டேன். "ஃபைல்ல இருக்கும்மா" என்றார் நர்ஸ். எனக்கு ஒன்று வேண்டும் என்று நாற்காலியை விட்டு எழவில்லை. இம்பிளாண்டின் சீரியல் எண்ணும் லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணும் உள்ள அந்த ஸ்டிக்கர் ஒட்டிய அட்டை இப்போது என் பர்ஸில், ஆதாருக்குப் பின்னால் இருக்கிறது.